லேபிள் இல்லாத பாட்டில்

மண்ணூர்பேட்டையில் நட்டு, போல்ட் செய்கிற கம்பெனியில் பதினோரு வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறேன். லேபிள் இல்லாமல் வருகிற பொருள் தங்கமாகவே இருந்தாலும் கழித்துப் போடுகிற சிவப்புத் தொட்டிக்குத்தான் போகும். அளந்து பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதே இல்லை.

அப்படிப்பட்டவள், இடுப்பு டிஸ்க் தேய்ந்து குனிய முடியாமல் போனதும், ஒரு கிளினிக்கில் நீட்டிய நாலு பக்கத் தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். ஸ்டெம் செல் ஊசி போட்டால் டிஸ்க் மறுபடி வளரும் என்று டாக்டர் சொன்னது எனக்குப் போதுமாக இருந்தது.

ஊசி போடுகிற அன்று அங்கே குப்புறப் படுத்திருந்தேன். நர்ஸ் கொண்டுவந்த தட்டு என் கண்ணுக்கு நேராக இருந்தது. அதிலிருந்த சின்ன பாட்டிலில் பெயர் இல்லை, தேதி இல்லை, ஒரு நம்பர்கூட இல்லை.

"லேபிள் எங்கம்மா கீது?"

"அதெல்லாம் டாக்டருக்குத் தெரியும்க்கா. ஆடாம படுங்க."

உள்ளே வந்த டாக்டரிடம், "இது யாரோட செல்லு சார்?" என்று கேட்டேன்.

"நம்பிக்கை இல்லேன்னா எதுக்கும்மா வந்தீங்க?" என்றார்.

எழுந்து உட்கார்ந்தேன். முதுகுப் பக்கம் திறந்த அங்கியோடு, அந்தத் தாளை வாங்கி முதன்முறையாகப் படித்தேன். ஆய்வு நிலையில் உள்ள சிகிச்சை, பலன் உறுதியில்லை என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. என் கையெழுத்தைக் குறுக்கே அடித்து, கம்பெனியில் எழுதுகிற மாதிரியே 'ரிஜெக்ட்' என்று எழுதித் தேதி போட்டேன்.

வலி இன்னும் இருக்கிறது. நாளைக்கே ஒழுங்காக நிரூபித்த ஊசி வந்தால் முதல் ஆளாகப் போய்ப் படுப்பேன். ஆனால் ஒரு நட்டுக்குக் கேட்கிற கேள்வியை என் முதுகெலும்புக்காகக் கேட்டதற்குப் பெயர் நம்பிக்கையில்லாமை என்றால், இருந்துவிட்டுப் போகட்டும்.