ஏரியலைத் திருப்பப் போன அம்மா

பெரியப்பா வீட்டில் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்வார்கள். கிறிஸ்துமஸ் அன்று சம்பந்தி வீட்டாரை வாசலில் நிற்கவைத்துவிட்டு அம்மா மரியாதை இல்லாமல் கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டாளாம். கூரை இல்லை, போர்ச்சின் சிமெண்டுத் தளம். வாசலில் யாரும் நிற்கவும் இல்லை. மரியாதையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அன்றைய பழுதுக்குக் காரணம் நான். ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்லும் உரிமையும் எனக்குத்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கோலா சிலாங்கூருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வரிசை வீடு. அப்பா எண்ணெய் ஆலையில் பிட்டர். அப்பா வழிச் சொந்தம் முழுவதும் தோட்டத்தை விட்டு வந்து அக்கம்பக்கத்துத் தாமான்களில் குடியிருந்தார்கள். கிறிஸ்துமஸ் என்றால் எல்லாரும் எங்கள் வீட்டுக்குத்தான். கூடவே அப்பாவின் ஆலை நண்பர்கள், சீன மளிகைக்காரர், பக்கத்து வீட்டு மலாய்க்கார மாச்சிக். பூசை முடிந்து வந்து திறக்கும் கதவை அன்று முழுவதும் சாத்த மாட்டோம். அம்மா சமைப்பாள், பரிமாறுவாள், கழுவுவாள், மறுபடி சமைப்பாள். பண்டிகை நாளில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் இல்லை.

கிறிஸ்துமஸ் பிற்பகல் மூன்று மணிக்கு டிவியில் ஒரு பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரின் பண்டிகை அத்தியாயத்தைப் போடுவார்கள். வருடா வருடம் அதே அத்தியாயம். நிலையத்தில் வேறு நாடா இல்லையோ என்னவோ. அதில் வரும் வீட்டுக்காரர், விருந்தாளிகளின் தொல்லைக்குப் பயந்து, குடும்பத்தோடு வெளியூர் போகிறோம் என்று தெரு முழுக்கப் பொய் சொல்லிவிடுவார். அன்றைக்குப் பார்த்து ஒவ்வொருவராக வந்து கதவைத் தட்டுவார்கள். உள்ளே குடும்பமே விளக்கை அணைத்துவிட்டு, மேசைக்கு அடியில் தவழ்ந்து, வான்கோழியைத் தரையில் வைத்துச் சத்தம் வராமல் தின்னும்.

அம்மாவுக்கு அதுதான் உயிர். அகப்பையோடு அடுப்பங்கரை வாசலில் நின்று, திரையின் கீழே ஓடும் மலாய் வரிகளை வாசிப்பாள். “கதவத் தெறக்கவே மாட்டேங்கிறாங்க பாரு!” என்று கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். அதற்குள் கூடத்திலிருந்து யாராவது குழம்பு கேட்பார்கள். ஒரு வருடம் ஐந்து நிமிடம் பார்த்தாள், ஒரு வருடம் எட்டு நிமிடம். கடைசியில் அந்தக் குடும்பம் பிடிபட்டதா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாது.

அந்த வருடம் அம்மா குளிர்பெட்டியில் ஒரு தாளை ஒட்டினாள். அதிகாலை நான்கு மணிக்கு ஆட்டிறைச்சி, ஆறுக்கு நெய்ச்சோறு என்று நாள் முழுவதும் அதில் இருந்தது. பட்டியல் போடும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியதில்லை. தாளின் அடியில் ஒரு வரி: 3.00 – 3.30, டிவி.

“அந்த அரை மணி நேரம் நான் வீட்ல இல்லன்னு நெனச்சுக்குங்க” என்றாள்.

“பாருலா, ஒன்ன யாரு வேணாம்னா?” என்று அப்பா சிரித்தார்.

இரண்டே முக்காலுக்குப் பெரியப்பாவின் போன் வந்தது. அவர் மகளுக்கு நிச்சயமாகியிருந்த இடத்தார், மாமியார் முதற்கொண்டு ஒரு வேன் நிறைய, மூன்று மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அப்பா அம்மாவிடம் போகவில்லை. என்னிடம் வந்தார்.

“டிவிக்குப் பின்னால ஏரியல் வயர் இருக்குல்ல, அத உருவி விட்டுடு. படம் வரலன்னா அம்மாவே எந்திரிச்சிடுவா. பெரியப்பா முன்னுக்குச் சண்ட வேணாம்லா.”

எந்த வயர் என்று எனக்குத் தெரியும், போர்ச்சின் மேலிருந்த ஆண்டெனாவிலிருந்து இறங்குவது. சொன்ன வேலையைச் சரியாகச் செய்வதில் அப்போதே எனக்குப் பெருமை. உருவினேன்.

மூன்று மணிக்கு அம்மா முகம் கழுவி, புதுச் சேலையைச் சரிசெய்து, ஒரு தட்டில் அச்சு முறுக்கோடு அப்பாவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். டிவியைப் போட்டாள். திரை முழுக்கப் புள்ளிகள் இரைந்தன.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஐந்து வருடம், டிவி போர்டுகளைச் சோதிக்கும் வரிசையில் இருந்தவள். வீட்டில் எது நின்றுபோனாலும் “மொதல்ல வயரப் பாரு” என்பது அவள்தான். எழுந்து டிவிக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா கிறிஸ்துமஸ் மரத்தில், நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“ஏரியல் திரும்பிக்கிச்சு. போய்ப் பாத்துட்டு வரேன்.”

“இரு, நான் ஏறுறேன்.”

“நீங்க வர்ற ஆளுங்கள கவனிங்க.”

சேலையை இழுத்துச் செருகி, முறுக்கை மடியில் கட்டிக்கொண்டு, ஏணி வைத்துப் போர்ச்சின் மேல் ஏறினாள். ஏரியல் கம்பத்தில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தாள். வேன் வந்து நின்றது.

“வாங்க, வாங்க. கிறிஸ்துமஸ் வாழ்த்து! சாப்பாடு மேசையில இருக்கு, தட்டு பக்கத்துலயே இருக்கு.”

இறங்கியவர்கள் குரல் எங்கிருந்து வருகிறது என்று நாலு பக்கமும் தேடிவிட்டு அண்ணாந்தார்கள். பெரியப்பாவுக்கு முகம் கறுத்தது. “என்னம்மா இது? கீழ எறங்கு. ஆளுங்க வந்திருக்காங்க.”

“தெரியுது அத்தான். இங்கேருந்து நல்லாவே தெரியுது.”

மாமியாராகப் போகிறவர் மட்டும் நகராமல் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல பருத்த அம்மாள். “அங்க காத்து வருதா?” என்று கேட்டார்.

“ஜம்முனு வருது.”

அவர் ஏணியை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டு உள்ளே போனார்.

அந்த அரை மணி நேரத்தில் பதினேழு பேர் வந்தார்கள். ஒருவர் விடாமல் எல்லாரையும் மேலிருந்தே முறை சொல்லி வரவேற்றாள். மாச்சிக்கை மலாயில், மளிகைக்காரரை அவருக்குத் தெரிந்த தமிழில். மரியாதையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, இதுதான்.

உள்ளே அப்பா பாயசக் கரண்டியால் கோழிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. மூன்று மணி எட்டு நிமிடத்துக்கு வயரை மறுபடி செருகினேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. மேசைக்கடியில் அந்தக் குடும்பம் தவழ, கூடமே சிரித்தது. வாசலுக்கு ஓடினேன்.

“அம்மா, வந்துருச்சு! எறங்குங்க!”

“இன்னும் கோடு விழுது.”

“இல்லம்மா, பளிச்சுன்னு இருக்கு!”

“எனக்கு விழுது. நீ உள்ள போ.”

அங்கிருந்து டிவி தெரியவே தெரியாது. ஏரியலிலும் அவள் கை படவில்லை. செம்பனைப் பக்கம் பார்த்தபடி முறுக்கை ஒவ்வொரு இதழாக ஒடித்துத் தின்றுகொண்டிருந்தாள். சன்னல் வழியே தொடரின் முடிவுப் பாட்டு கேட்டதும் எழுந்தாள். அப்பா வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். அம்மா கை கழுவி, எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கினாள்.

பாத்திரம் கழுவும்போது, “கடைசியில அவங்க மாட்டிக்கிட்டாங்களான்னு சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

“சொல்லாத. அடுத்த வருஷம் பாத்துக்கறேன்.”

அடுத்த வருடமும் மூன்று மணிக்கு ஏரியலைத் திருப்ப ஏறினாள். அதற்கடுத்த வருடமும். பிறகு அந்தத் தொடரைப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். டிவி இப்போது இணையத்தில் ஓடுகிறது. ஏரியல் எதோடும் சேராமல் நிற்கிறது, கழற்ற அம்மா விடவில்லை. போன கிறிஸ்துமஸுக்கும் ஏறினாள், பிளாஸ்கோடு. நான் தொலைத்தொடர்புக் கோபுரங்களில் வேலை செய்கிறவள், ஏணி பிடிப்பது இப்போது என் பொறுப்பு. யார் கேட்டாலும், பெரியப்பாவே கேட்டாலும், என் பதில் ஒன்றுதான்: அம்மா ஏரியலைத் திருப்புகிறார்.

அம்மா முதல் தடவை ஏறிய அன்று மாலை, ஒன்பது வயதில், என் நோட்டுப் புத்தகத்தில் மூன்று வரி எழுதினேன். பழுது, வயர் கழன்றது. காரணம், நான். அம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுதிவிட்டு அவளை நினைத்து எனக்கு அழுகையே வந்தது. ஐந்து வருடம் தொழிற்சாலையில் இருந்தவள், காலடியில் கிடந்த வயரைப் பார்க்கத் தெரியாமல் போனாளே என்று.