ஐஸ் தண்ணீர் என்று சொன்ன வாய்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். நல்லதை மட்டும் எழுது என்றார்கள். அண்ணன் இருந்திருந்தால் அதற்கு ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

அண்ணன் பிறந்தது இராயபுரத்தில். துறைமுகத்தில் மூட்டை இறக்கிய எங்கள் அப்பா சீக்கிரமே போய்விட்டதால், பள்ளியை விட்டு மெக்கானிக் வேலைக்குப் போனார். பிறகு திருவொற்றியூரில் சொந்தமாக ஷெட் போட்டார், என்னைப் படிக்க வைத்தார், கட்டிக்கொடுத்தார். கோபம் வந்தால் ஸ்பானர் பறக்கும். நல்லவேளை, யார் மேலும் பட்டதில்லை.

செல்வி அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் போட்டு, பழைய வேனில் மீஞ்சூருக்குக் கொண்டுபோய் விற்பவர். ஒருநாள் காலை ஷெட் வாசலில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்துப் பக்கம் ஈரமாக இருக்கிறது, பிரேக் மிதித்தால் கீழே போகிறது என்றார். மீன் வண்டிக்கு அடியில் ஈரம் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்கிற விஷயமில்லை. அண்ணன் வேறொரு வண்டியின் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தார்.

"ஐஸு தண்ணிதான்க்கா. மீனு வண்டின்னா ஒயுகத்தான் செய்யும். நீ போய்ட்டு வா, சாய்ங்காலம் பாக்குறேன்."

எண்ணூர் தாண்டியதும் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே நின்றவர்களைக் காப்பாற்ற அக்கா வேனைச் சுவரில் மோதினார். வலது கால் நொறுங்கிப்போனது.

இழுத்து வந்த வேனுக்கு அடியில் அண்ணன் படுத்தார். சக்கரத்தின் உட்புறம் வழிந்திருந்ததைத் தொட்டு விரல்களில் தேய்த்தார். வழுக்கியது. மீன் வாடை இல்லை. பிரேக் ஆயில்தான். பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தால், அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. காலையில் அதை ஒருமுறை திறந்திருந்தாலே போதும். உப்புக் காற்றில் துருப்பிடித்த வண்டி என்று சொன்னால் ஊரே நம்பியிருக்கும்; வீட்டில் நாங்களும் அப்படித்தான் சொல்லச் சொன்னோம். அண்ணன் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

அக்கா திட்டினார், அழுதார், பிறகு மன்னித்தார். பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தைச் சொன்னபோது பங்குச் சாமியாரும் மன்னித்தார். அண்ணன்தான் தன்னை மன்னிக்கவில்லை. விடியற்காலையில் எழுந்து அக்காவின் மீனை மீஞ்சூரில் இறக்கிவிட்டு வந்துதான் ஷெட் திறப்பார். அக்கா நொண்டி நொண்டி நடக்கத் தொடங்கிய பிறகும், காய்ச்சலென்றாலும், போவதை நிறுத்தவில்லை. எந்த வண்டிக்கு அடியில் ஈரத்தைக் கண்டாலும் தொட்டு முகர்ந்து பார்க்காமல் விடமாட்டார். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு தப்புக்கு எத்தனை வருஷம்தான் அழுவது என்று சண்டை போடுவேன்.

"அவங்க நடக்கறத நீ பாத்தியா?" என்பார்.

நெஞ்சு வலியில் படுத்த கடைசி நாட்களில் அக்காவின் கையைப் பிடித்து மறுபடியும் மன்னிப்புக் கேட்டார்.

"நான் அன்னிக்கே வுட்டுட்டேன் தம்பி. நீதான் புட்ச்சிகினு கீற."

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். எனக்கும் அழுகை தாங்கவில்லை.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட மருத்துவர், செவிலியர், பங்குத்தந்தை, ஷெட்டை இன்றும் நடத்தும் அவருடைய தோஸ்துகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செல்வி அக்காவுக்கு மட்டும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டு நகர்ந்த பிறகு, அவர் அந்த வலது காலை மடக்க முடியாமல் சிரமப்பட்டுக் குனிந்து, ஒரு பிடி மண் போட்டார்.

"போதும் தம்பி. இனிமே காலைல எழுந்துக்காத. நல்லா தூங்கு" என்றார்.