அண்ணனின் கீழ்க்குரல்

நேற்று லுக்குட்டில் அண்ணனின் மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் போயிருந்தேன். கறுப்பெண்ணெய் வாசனைக்கு நடுவே, செயினைக் கழற்றியபடி ஏதோ முனகிக்கொண்டிருந்தான். நான் எழுதிய மெட்டு அது. வாசலிலேயே நின்று கேட்டேன்.

சிரம்பானில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த புதிதில், சாயங்காலங்களில் தெமியாங்கில் ஒரு மியூசிக் டீச்சரிடம் கவுண்டர்பாயிண்ட் படித்தேன். ஒவ்வொரு குரலுக்கும் தனி மெட்டு; சேர்த்துக் கேட்டால் ஒரே பாட்டு. ஒரு குரல் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டே போனால் டீச்சரின் சிவப்புப் பென்சில் பாயும். பஸ்ஸில் ஒரே வாயால் இரண்டு குரலையும் பாடிப் பார்ப்பேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் மெல்ல எழுந்து வேறு இடம் தேடுவார்கள். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்து மாதா கோயிலில் கதையே வேறு. அப்பா ஒரு அடி பாடுவார், எல்லோரும் அதையே திருப்பிப் பாடுவார்கள். அவர் பாடும்போது வேறு மெட்டுப் பாடினால் எதிர்த்துப் பேசுவதாக அர்த்தம்.

அப்போது தோட்டம் கைமாறி, நாங்கள் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் லுக்குட்டுக்குப் போய்விடலாம் என்றான். அப்பா அசையமாட்டேன் என்றார். இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. நான்தான் பெரிய மேதை ஆயிற்றே! கோயிலின் கடைசித் திருவிழாவுக்கு, அப்பாவுக்கு மேல்குரலும் அண்ணனுக்குக் கீழ்க்குரலுமாக ஒரு பாட்டு எழுதினேன். பேசாதவர்கள் சேர்ந்து பாடவாவது செய்வார்கள் என்று நம்பினேன்.

ஒத்திகையில் அண்ணன் பழக்கதோஷத்தில் அப்பாவின் மெட்டுக்கே தாவிவிடுவான். திருத்தித் திருத்திப் பாடவைத்தேன். அப்பா முகம் சுருங்கியது.

“நான் பாடுறப்ப இவன் ஏன் வேற பாடுறான்?”

“அப்பிடித்தான்பா எழுதியிருக்கேன். சேந்து கேட்டா நல்லாருக்கும்லா.”

“அப்ப நீயும் அவன் பக்கந்தான்.”

திருவிழாவன்று அண்ணன் முதல்முறையாகப் பிசகாமல் பாடினான். நடுவில் அவன் நிறுத்த, அப்பா மட்டும் தனியாக மேலே ஏறிப் பாடவேண்டிய இடம் வந்தது. அப்பா வாயை மூடிக்கொண்டார். கூரைக் காற்றாடிச் சத்தம்தான் கேட்டது. மிச்சத்தை அண்ணன் தனியாகவே பாடி முடித்தான். அந்த வாரமே மோட்டாரில் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

லயத்தை இடிக்க வந்த பிறகுதான் அப்பா செண்டாயானில் என் வீட்டுக்கு வந்தார். சாகும்வரை ஒரு அடிகூடப் பாடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அவர்மேல் இருக்கிறது. கோயில் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன.

நேற்று பட்டறையில், அப்பா தனியாகப் பாடவேண்டிய இடம் வந்ததும் அண்ணன் முனகுவதை நிறுத்தினான். ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி, அப்பா பாடி முடிக்கும் நேரம்வரை காத்திருந்துவிட்டு, மறுபடி ஆரம்பித்தான்.