எழுபத்துநாலு வயசு ஓட்டக்காரன்

அஞ்சல் பை தூக்கி ஓடுறவனுக்கு மூச்சு இருந்தாப் போதும், மூளை வேண்டாம்னு நம்பித்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். தபால்காரன், பஸ் கண்டக்டர், கோர்ட்டு சேவகன்னு ஊராரு காரியத்தைச் சொமந்து அலையுத எல்லாருக்கும் நான் சொல்லப்போறது மனசிலாவும். எனக்குத்தான் இன்னைக்கு வரைக்கும் சரியா மனசிலாவல்ல.

ஒரு நாளு ஓட்டம்

சுசீந்திரத்துக்குக் கிழக்க எங்க ஊரு. ராஜா காலத்து அஞ்சல் ஆபீசு. மணி கெட்டின கம்பைத் தோள்ல சாச்சுக்கிட்டு, நாகர்கோவில் போக அஞ்சு மைலு, வர அஞ்சு மைலு ஓடணும். மணிச்சத்தம் கேட்டா மாட்டுவண்டிக்காரன்கூட ஒதுங்கிருவான். வந்த பெறவு லெட்டரை எழுத்துக்கூட்டி வாசிச்சு வீடுவீடாக் குடுக்குறதும் நானே.

முதல்ல ஓடினது எங்க அம்மைக்க அண்ணன் தாணு மாமா. அவருக்கு முட்டு வீங்கின அன்னைக்கு, "ஒரே ஒரு நாளு எனக்குப் பதிலா ஓடுலே"ன்னாரு. ஓடினேன். அந்த ஒரு நாளு பதினோரு வருசம் ஆயிட்டு. நடுவுல மாமா செத்தும் போனாரு. மாமன் எடத்துல மருமவன்ங்கது எங்க ஊர்ல யாரும் கேள்வி கேக்காத சமாச்சாரம். அதனால ரெஜிஸ்டர்ல பேரை மாத்த ஒருத்தருக்கும் தோணல்ல. காலையில அஞ்சல் மாஸ்டர் ஏமான் "தாணுமாலயன்"னு கூப்பிடுவாரு, நான் "ஆஜர்"ம்பேன். ஒரு தடவை மெதுவா, "ஏமானே, எனக்க பேரு சுடலை. அதை ஒண்ணு எழுதிக்கிட்டா என்ன?"ன்னு கேட்டேன்.

அவரு மூக்குப்பொடியை உறிஞ்சிக்கிட்டே சொன்னாரு: "செத்தவன் லீவு கேக்க மாட்டாம்லே. நீயும் கேக்காம இருந்துக்கோ."

மூணு வரி

திருவிதாங்கூர் அஞ்சலைத் தில்லித் தபாலோட சேக்கப்போறாவன்னு ஒரு நாளு பேச்சு வந்துச்சு பாருங்க, அன்னைக்குப் பிடிச்சது எனக்குக் கிறுக்கு. நம்மள வச்சுக்கிடுவாவளா, வெரட்டுவாவளா? வீட்டுல பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைய.

மீரான் சாயிபுக்குக் கோட்டாத்துல சாயாக்கடை. பை மாத்தப் போற வழியில அங்கதான் மூச்சு வாங்குவேன். அவரு பேப்பரைச் சத்தமா வாசிப்பாரு. தில்லிப் பார்லிமெண்டு சபையில யாரோ எங்களைப் பத்திக் கேக்க, ஒரு உபமந்திரி எழும்பிப் பதில் சொல்லியிருக்காரு. 'அஞ்சல் ஊழியர் எவருக்கும் பாதகம் வராது. தகுதியுள்ளவர்கள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். தகுதி என்ன என்பது பரிசீலனையில் இருக்கிறது.'

"அப்பம் எனக்கு வேலை உண்டுமா, இல்லியா சாயிபு?"

சாயிபு பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "மூணே வரியில உம்மை வச்சுக்கிட்டு, வெளிய தள்ளி, வாசல்ல நிக்கவும் சொல்லிட்டாரே வேய்! கெட்டிக்காரம்லா!"

மேசை

பெறவு நாகர்கோவில்லேருந்து ஒரு குமாஸ்தா வந்தாரு. சபைக்கு விவரம் அனுப்பணுமாம். ஓட்டக்காரன் பேரு, வயசு, ஓடுத தூரம், கம்புல எத்தன மணி. நான் முன்னாலதான் நிக்கேன். என்னை ஒரு வார்த்தை கேக்கல்ல. ரெஜிஸ்டரைப் பாத்து மளமளன்னு எழுதினாரு. மணியை மட்டும் எண்ணிப் பாத்தாரு.

கொஞ்ச நாள் கழிச்சு பேப்பர்ல, 'விவரங்கள் சபையின் மேசைமீது வைக்கப்பட்டுள்ளன'ன்னு உபமந்திரி சொன்னதா வந்துச்சு. எந்த மேசை? அதை யாரு எடுப்பா? எடுக்கல்லேன்னா எனக்க கதி? இந்தக் கொழப்பத்தை நான் செல்லம்மை அக்காகிட்டச் சொன்னேன். அவளுக்கு மாப்பிள்ளை கொழும்புல. மணிச்சத்தம் கேட்டா சோத்துக் கையோட ஓடி வருவா.

அக்கா சிரிக்கக்கூட இல்ல. "இத்தன வருசத்துல நீ எனக்க லெட்டரை எங்கயாவது மேசைல வச்சிட்டுப் போயிருக்கியா? கையில குடுக்கச் சொல்லு அந்த ஆளை!"

கைதட்டு

அடுத்த சங்கதி இன்னும் மோசம். சாயிபு என்னைத் தூரத்துல கண்டதுமே கல்லாவை விட்டு எழும்பிட்டாரு. "வேய், உம்ம பேரு சபையில அடிபட்டிருக்கு!"

உபமந்திரி விவாதத்துல பேசியிருக்காரு. தெற்குக் கோடியில தாணுமாலயன்னு ஒரு ஊழியர், எழுபத்துநாலு வயசு, இன்னமும் நாளொண்ணுக்குப் பத்து மைல் ஓடுதாரு, சேவைன்னா இதுதான்னு. சபை முழுக்கக் கைதட்டாம். அதோட விட்டாரா? இப்பிடிப்பட்ட பெரியவங்களுக்கு உடனே மரியாதையா ஓய்வு குடுப்போம்னும் சொல்லிட்டாரு.

எனக்கு வயசு முப்பத்திரெண்டு. அது மாமா வயசுன்னு சொன்னா, 'நீ யாருலே? உன்னை யாரு வேலைக்கு எடுத்தா?'ம்பான். சொல்லல்லேன்னா எழுபத்துநாலு, வீட்டுக்குப் போ. எப்பிடிப் பெரட்டிப் பாத்தாலும் வேலை இல்ல. தலையைப் பிடிச்சுக்கிட்டு பொண்டாட்டிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன்.

அவ மீனு கழுவுத சட்டியைக் கீழ வச்சா. "எழுபத்துநாலு வயசுக் கெழவனுக்கா எங்க அப்பன் என்னையக் கெட்டிக் குடுத்தாரு? தில்லிக்கு நாலு வரி நான் எழுதட்டா?"

மாலை

மாலையும் பாராட்டுக் காயிதமுமா அஞ்சல் இன்ஸ்பெக்டர் வந்து எறங்கினாரு. பெரியவர் ஓடி வாறதைக் கண்ணால பாக்கணுமாம். நான் மணியைக் குலுக்கிக்கிட்டு வந்து நின்னேன். அவரு எனக்குப் பின்னால எட்டிப் பாத்தாரு.

"தாணுமாலயன் எங்கலே?"

மாஸ்டர் ஓட்டை எண்ணிக்கிட்டிருந்தாரு. எங்க மொகத்தைப் பாக்காம, மேல கூரை ஓட்டைத்தான். "நான்தான் ஏமானே"ன்னேன்.

"வயசு?"

"ரெஜிஸ்டர்ல எழுபத்துநாலு."

"ஒனக்கு?"

இனி எதை மறைக்க? முட்டு வீங்கினதுலேருந்து மாமா செத்தது வரை ஒண்ணு விடாமச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் நாற்காலியில பொத்துன்னு இருந்தாரு. "ஒரு கொடம் தண்ணி கொண்டாலே"ன்னாரு. குடிச்சிட்டு மாஸ்டரைப் பாத்தாரு. "இதை எழுதினா உபமந்திரி சபையில எழும்பி, நான் சொன்னது தப்புன்னு சொல்லணும். விவரம் யாரு குடுத்தான்னு கேப்பான். அந்த விவரத்துக்கு அடியில கையெழுத்து எனக்கதாக்கும் வேய்!"

மாலையைப் பாத்தாரு, ரெஜிஸ்டரைப் பெரட்டிப் பாத்தாரு, பெறவு என்னையப் பாத்தாரு.

திடீர்னு அவரு எழும்பி மாலையை எனக்க கழுத்துல போட்டாரு. பாராட்டுக் காயிதத்தை வாசிச்சாரு. மாஸ்டர் கைதட்டினாரு. கம்பையும் பையையும் திரும்ப வாங்கிக்கிட்டு, 'ஒப்படைத்தேன், தாணுமாலயன்'னு எழுதச் சொன்னாரு. வேலை போச்சேன்னு கண்ணு கலங்கி எழுதினேன். அவரே மாலையைக் கழத்தி ஆணியில மாட்டினாரு.

"பெரியவர் போயாச்சு. எடம் காலி. அவருக்கு மருமவன் யாராவது உண்டுமா?"

எனக்கு ஒண்ணும் ஓடல்ல. மாஸ்டர்தான் முழங்கையால எனக்க விலாவுல குத்தினாரு. "உண்டு ஏமானே"ன்னேன்.

"கூப்பிடு."

வாசல்வரை போயிட்டுத் திரும்பி வந்தேன். 'சுடலை, வயசு முப்பத்திரெண்டு'ன்னு புது ரெஜிஸ்டர்ல அவரே எழுதினாரு. பதினோரு வருசத்துல எனக்க பேரை ஆபீசுல எழுதிக் கண்டது அன்னைக்குத்தான். கம்பைத் திரும்ப எனக்க கையில குடுத்தாரு, மொகத்துல ஒரு சிரிப்புக் கெடையாது.

"ஒங்க மாமா ரொம்ப நல்லா ஓடினாருலே. அவரு பேரைக் கெடுத்துராத."

தில்லியில ஒரு பெரிய மனுசன் எனக்காக எழும்பி நின்னு பேசினதுல எனக்கு வேலை போச்சா, கெடச்சான்னு கேட்டா, ரெண்டும் ஒரே நாளு மத்தியானச் சோத்துக்கு முன்னாலன்னு மட்டும்தான் என்னால சத்தியம் பண்ண முடியும்.