ஈரக் கோட்டும் ஜப்பான் விஸ்கியும்

அலுவலகத்தில் அவருக்கு 'மூக்கு' என்றுதான் பெயர். மது வகைகளை வாங்கிக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடமாக அவருக்கு ஒரே வேலை. வரும் புட்டியைத் திறந்து முகர வேண்டும், ஒரு வாய் சுவைத்துத் துப்ப வேண்டும், தாளில் நாலு வரி எழுதி நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். "மூக்கு தொண்ணூறு போட்டுட்டாரா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்பார் மேலாளர். இத்தனைக்கும் அவர் குடிப்பவர் அல்ல. விருந்துகளில் யாராவது கிளாஸை நீட்டினால், "வேலை நேரம் முடிஞ்சுபோச்சுங்க" என்று கும்பிடு போட்டு நழுவிவிடுவார்.

அந்த வருடம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நாலே நாளில் போய்விட்டது. போகிற போக்கில் மூக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போனது. காலையில் காபித் தூள் டப்பாவைத் திறந்து முகத்தை உள்ளே விட்டார். ஒன்றும் இல்லை. சோப்பு, ஆரஞ்சுத் தோல், தீக்குச்சி, எதுவும் இல்லை. சத்தத்தை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பதுபோல் இருந்தது உலகம்.

மனைவியிடம் மட்டும் சொன்னார். அலுவலகத்தில் ஐந்து வாரம் எப்படியோ ஓட்டினார். வந்தவை எல்லாம் பழகிய சரக்குகள். பழைய குறிப்புகளைப் புரட்டி, அங்கொரு சொல் இங்கொரு சொல் மாற்றி எழுதிக் கொடுத்தார். ஆறாவது வாரம் மேலாளர் ஒரு புதுப் புட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"ஜப்பான் சரக்கு, மூக்கு. ரெண்டு மூணு ஆலையோட பார்லி மால்ட் விஸ்கியைச் சேர்த்துக் கலந்தது. வேற தானியத்து விஸ்கி ஒரு சொட்டு கிடையாது. நம்ம கைக்கு இதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் குடுத்துடுங்க."

அவரிடம் புரட்டிப் பார்க்க இதற்குப் பழைய குறிப்பு இல்லை. ஒரு சின்னச் சீசாவில் கொஞ்சம் ஊற்றி வீட்டுக்கு எடுத்துப்போனார்.

மனைவிக்கு ஒரு சலவைக்கடையில் துணி வாங்கி வைக்கும் வேலை. புதன்கிழமை அரை நாள்தான். அன்று மதியம் தூறிக்கொண்டிருந்தது. சமையலறை மேசையில், வயிறு பருத்து வாய் குறுகிய அந்தக் கிளாஸை அவள் முன் வைத்தார்.

"என்னங்க இது, பட்டப்பகல்ல?"

"குடிக்க வேண்டாம். மோந்து பாத்து என்ன தோணுதோ அதைச் சொல்லு."

"மோப்ப நாய் வேலைக்கு என்னைச் சேத்துட்டீங்களா?" என்றபடி குனிந்தவள் சட்டென்று பின்வாங்கினாள். "மூக்கைக் கிள்ளுது!"

"ரொம்பக் கிட்டப் போகாதே. வாயைக் கொஞ்சம் திறந்து வச்சுக்கிட்டு மெதுவா இழு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடுகோடாக இறங்கியது.

"கம்பளிக் கோட்டு ஒண்ணு. மழையில நனைஞ்சிருக்கு. அடுப்புப் பக்கத்துல காயப் போட்டிருக்காங்க, லேசாப் புகை ஏறியிருக்கு. பையில பேரிக்காய் இருந்திருக்கு, நல்லாப் பழுத்தது. ஒரு பக்கம் அடிபட்டிருக்கு." மறுபடி முகர்ந்தாள். "கோட்டு இருந்த அலமாரி ஏதோ வாசனை மரம். சந்தனம் இல்ல. சந்தனத்துக்குத் தங்கச்சி."

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். ஜப்பானில் ஒருவகை ஓக் மரத்துப் பீப்பாயில் கிடந்த விஸ்கிக்கு அந்த மணம் வரும் என்பது அவருக்குத் தெரியும். அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கிளாஸில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார்.

"இப்ப ஜன்னலைத் திறந்துட்டாங்க. தேன் தடவின ரொட்டி."

"ஒரு வாய் எடு. நாக்குல உருட்டிட்டுத் துப்பிடு."

"எதுக்குத் துப்பணும்? நல்லாத்தானே இருக்கு!" என்று விழுங்கிவிட்டாள். "முதல்ல இனிப்பு, பின்னாடியே மிளகு. அப்புறம் போகவே மாட்டேங்குது. போயிட்டு வரேன், போயிட்டு வரேன்னு சொல்லிக்கிட்டே வாசல்ல நிக்கிற விருந்தாளி மாதிரி."

அவள் சொல்லச் சொல்ல அவருக்கும் அது மணப்பதுபோல் இருந்தது. மூக்கு திறக்கவில்லை, அது அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஈரக் கோட்டிலிருந்து ஆவி எழுவதும், அறை மெல்லச் சூடாவதும், முகம் தெரியாத யாரோ அடுப்பருகே கையை நீட்டி உட்கார்ந்திருப்பதும் தெரிந்தன. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே கிடப்பதுபோல் அப்படியே இருந்தார்.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினாறு வருசமா ஊரார் கோட்டைத்தானே கையில வாங்குறேன். யாரு சிகரெட்டை விட்டாங்க, யாரு வீட்டுல குழந்தை பிறந்திருக்கு, எல்லாம் துணியே சொல்லிடும். நீங்க கேட்டதில்ல, நான் சொன்னதில்ல."

அவர் பென்சிலை மறுபடி எடுத்தார். "நூத்துக்கு எத்தனை போடலாம்?" என்றார் கடைசியில்.

"எண்பத்தாறு."

"பதினாலு ஏன் குறைச்சே?"

"பேரிக்காய் அடிபட்டிருக்கே!"

வெள்ளிக்கிழமை அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி முடித்தார். கையெழுத்துப் போட மட்டும் கை வரவில்லை. அடியில் எழுதினார்: 'சுவைத்தவர் என் மனைவி. காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு எதுவும் மணக்கவில்லை.'

மேலாளர் இரண்டு தடவை படித்தார். "ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"மூக்கு இல்லாத மூக்கை வச்சுக்கிட்டு நீங்க என்ன செய்வீங்க?"

மேலாளர் தானே கொஞ்சம் ஊற்றி, தாளை ஒரு கையிலும் கிளாஸை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார். "கோட்டு," என்றார் மெதுவாக. "ஆமா, கோட்டேதான்."

அந்த விஸ்கியை வாங்கினார்கள். புதன்கிழமை மதியங்களில் அவள் அலுவலகத்துக்கு வந்து மூன்று புட்டி முகர்வது என்று ஏற்பாடானது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டு எழுதிக்கொள்வார். அலுவலகத்தில் அவரை இன்னமும் மூக்கு என்றே கூப்பிடுகிறார்கள். அவளைப் பெரிய மூக்கு என்கிறார்கள். அவள் கோபித்துக்கொள்வதில்லை.

அவருடைய மூக்கு முழுதாகத் திரும்பவே இல்லை. எப்போதாவது ஒரு கணம் ஏதோ வந்து தொட்டுவிட்டுப் போகும், அவ்வளவுதான். புதன்கிழமை சாயங்காலம் இருவரும் நடந்தே வீடு திரும்புவார்கள். அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவர் கண்ணைப் பாதி மூடியபடி நடப்பார்.

"இப்ப என்ன?"

"டயர் கடை. யாரோ வாளித் தண்ணியை வாசல்ல ஊத்தியிருக்காங்க. பாத்து, படி இருக்கு."