வாய்க்கால் மீட்டர்காரர் வீபே

காலை பத்து மணிக்கு எங்கள் அலுவலகத்தில் காபி வரும், ஆளுக்கு ஒரு பிஸ்கட்டோடு. வீபே இரண்டாவதையும் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். நாங்கள் ஜன்னல் பக்கம் பார்ப்போம். இந்தத் திங்கட்கிழமை அந்த நேரத்துக்குத்தான் அவர் மனைவி ட்ரைன்சே தொலைபேசியில் கூப்பிட்டார். வீபே தூக்கத்திலேயே போய்விட்டாராம். யாரோ பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்தார்கள்.

ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் தாழ்நிலங்களில் வாய்க்காலுக்கு வாய்க்கால் எங்கள் மீட்டர்கள் நிற்கின்றன. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து, கேபிள் வழியே பம்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பம்பு ஓடாது, வயல் முழுகும். வாயடைத்துப்போன மீட்டரைப் பேசவைப்பது வீபேயின் வேலை. ஆனால் தன் கைபேசியை மட்டும் அவர் எடுக்கவே மாட்டார். "கம்பி இல்லாத எதையும் நான் நம்பறதில்ல" என்பார். அவசரமென்றால் நான் ட்ரைன்சேயைக் கூப்பிடுவேன். எந்தப் பண்ணை அடுக்களையில் வீபே பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருப்பார் என்று அவர் சரியாகச் சொல்லிவிடுவார்.

மின்சாரம் அளக்கும் அவருடைய மல்டிமீட்டர் ஒற்றைக் கம்பளிக் காலுறைக்குள் இருக்கும். மீட்டர் பெட்டியைத் திறக்குமுன், வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் விரலால் தட்டுவார். எண் அசையாமல் நின்றால் உடனே சந்தேகம். "இவ்ளோ ஒழுக்கமான தண்ணிய நான் பார்த்ததே இல்ல. உள்ள ஏதோ உறைஞ்சு போச்சு." பிறகு சுற்றி நிற்பவர்களிடம் ஒரே கேள்வி: "யார் தொட்டது?" யாருமே தொட்டிருக்க மாட்டார்கள். அவர் ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து ரொட்டியைப் பிரிப்பார். ரொட்டி தீர்வதற்குள் யாராவது ஒப்புக்கொண்டுவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக இருந்ததுதான் எங்களுக்கு எரிச்சல்.

யெல்ட்சேயின் பண்ணை எங்கள் பகுதியிலேயே தாழ்வானது. போன வருட மழையில் மீட்டர் பேசாமல் இருந்துவிட, கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து அவளுடைய கன்றுகள் சில செத்துப்போயின. இந்த வருடம் மழைக்கு முன்பே மீட்டர் உளற ஆரம்பித்தது. போன வாரம் வீபேயோடு நானும் போனேன்.

"யார் தொட்டது?"

"உங்க பெட்டி, உங்க கேபிள். நான் ஏன் தொடப்போறேன்?"

"சரிம்மா. தானாவே கெட்டுப்போச்சு. பாவம்."

பாதி ரொட்டியில் வீபே மெல்வதை நிறுத்தினார். மாடுகளுக்குப் போட்ட மின்வேலி டக், டக் என்று சொடுக்கிக்கொண்டிருந்தது. மீட்டரின் எண்ணும் அதே தாளத்தில் குதித்தது.

"வேலிக்கு எர்த் எங்க குடுத்திருக்க?"

யெல்ட்சே தன் ரப்பர் பூட்ஸைப் பார்த்தாள். "மீட்டர் பக்கத்துல அந்தச் செம்புக் கம்பி சும்மாதான நின்னுச்சு வீபே. அதுலயே கட்டிட்டேன். நல்ல கம்பி."

"நல்ல கம்பிதான். மாட்டுக்குக் குடுக்கிற ஷாக்க என் மீட்டருக்கும் சேர்த்துக் குடுத்திருக்க. அது பம்புகிட்ட தண்ணி மட்டத்தையா சொல்லும்? ஐயோ அம்மானு கத்தும்."

"கிண்டல அப்புறம் வெச்சுக்குங்க. கொட்டகை நிறைய கன்னுக்குட்டி. மழை வந்தா என்ன பண்றது?"

அதற்கு அவர் சிரிக்கவில்லை. வேலியின் கம்பியைப் பிரித்தெடுத்தார். மீட்டரின் பழைய கேபிளிலும் உறை வெடித்து உள்ளே ஈரம் இறங்கியிருந்தது. அன்றே கரையோரமாகப் புதுக் கேபிள் இழுக்க ஆரம்பித்தார். பெட்டியில் மாட்டுமுன் இருட்டிவிட்டது.

"திங்கக்கிழமை வந்து மாட்டிடறேன். கரையில அளவு போட்ட பலகை இருக்கில்ல? காலையும் சாயங்காலமும் பார்த்து ஆபீசுக்கு போன் பண்ணு. நான் வர்ற வரைக்கும் நீதான் மீட்டர்."

"சம்பளம் உண்டா?"

"மீட்டருக்கு எதுக்குச் சம்பளம்?"

வெள்ளிக்கிழமை அவரை அடக்கம் செய்தோம். அன்று காலையும் யெல்ட்சே அளவு சொன்னாள். மாலையில் கறுப்பு உடையைக்கூட மாற்றாமல் கரையிலிருந்து சொன்னாள். இன்று மதியம் மழை பிடித்தது. இருட்டுவதற்குள் மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள்.

"நாலு விரல் ஏறியிருக்கு. பம்பப் போடு."

இங்கிருந்தபடியே போட்டேன். கேபிளை மாட்ட அடுத்த வாரம் வேறு ஆள் வருவார் என்றேன்.

"வரட்டும். கன்னுக்குட்டிங்க இன்னும் காஞ்ச தரையிலதான் நிக்குது. நான் பார்த்துக்கறேன்." போனை வைக்குமுன் இன்னொன்றும் சொன்னாள்: "வீபே போட்ட முடிச்ச மட்டும் நான் தொடலை."

புதுக் கேபிளின் முனை, நனையாமல் அன்று அவர் பிளாஸ்டிக் பை சுற்றி முடிச்சுப் போட்டபடியே, பெட்டிக்கு ஒரு முழம் தள்ளிக் கம்பத்தில் தொங்குகிறது.