ஸாஷா வந்தான், கம்பவுண்டர் வந்தார்

சென்ற சனிக்கிழமை ஸ்ரீரங்கத்து ரேஷன் கடை க்யூவில் முக்கால் மணி நேரம் நின்றேன். யுத்தம் நமக்குக் கற்றுக்கொடுத்த கலை இது ஒன்றுதான்... நிற்பது. அரிசிக்கு நிற்கிறோம், சீமெண்ணெய்க்கு நிற்கிறோம். கரி போட்டு ஓடுகிற பஸ் காவேரிப் பாலத்தில் மூச்சு வாங்கினால் கீழே இறங்கி, அது தேறுகிற வரைக்கும் நிற்கிறோம்.

எனக்கு இரண்டு ஆள் முன்னால் அம்பி நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அதாவது, பார்க்காத மாதிரி இருந்தேன். அவரும் அப்படியே.

அம்பி என் அடுத்த வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. அதன் கப்பி விடியற்காலை நாலரைக்கு அவர் குளிக்கத் தண்ணீர் இழுக்கும்போது போடுகிற சத்தத்தில் தெருவே எழுந்துகொள்ளும். ஒருநாள், "கொஞ்சம் எண்ணெய் போடப்படாதா ஓய்?" என்று கேட்டேன். "ராத்திரியெல்லாம் எழுதறவருக்குத் தூக்கம் எதுக்கு?" என்றார். நான் ஏதோ சொன்னேன், அவர் ஏதோ சொன்னார். ஒன்றரை வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

நீயே எண்ணெய் போட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்களா? அவர் இழுக்கிற கப்பிக்கு நான் ஏன் எண்ணெய் போட வேண்டும்?

க்யூவில் நின்றபோது என் சட்டைப் பையில் ஒரு கவர் இருந்தது. இந்த வாரம் இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் நீங்கள் படித்திருக்க வேண்டிய கட்டுரை அதற்குள் இருந்தது. அரிசி வாங்கிக்கொண்டு, அப்படியே தபாலில் போட்டுவிட்டு வீடு திரும்புவதாகத் திட்டம். கட்டுரை முழுக்க ஒரு வாசகரைப் பற்றிய கேலி.

மூன்று வாரத்துக்கு முன்னால் இங்கே ஒரு ருஷ்யக் கதையைத் தமிழில் போட்டிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கிராமம். அங்கே ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அலெக்ஸாந்தர் குஸ்மிச், நாலு பேர் எதிரில் ஒரு மரக்கடைக் குமாஸ்தாவை அவமானப்படுத்திவிடுகிறார். இனி அந்த ஆள் முகத்திலேயே விழிப்பதில்லை என்று குமாஸ்தா சபதம் செய்கிறான். பனிக்காலம் வருகிறது. குமாஸ்தா ஜுரத்தில் கண் திறக்காமல் கிடக்கிறான். தினமும் ஸாஷா வந்து விறகு பிளந்து போட்டு, கஞ்சி காய்ச்சி, மருந்து புகட்டிவிட்டுப் போகிறான். குமாஸ்தாவின் தாயார்தான் கதவைத் திறந்து விடுகிறாள். ஜுரம் தெளிந்து அவன் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிற அன்று, பனியில் கம்பவுண்டரின் முதுகு தூரத்தில் போகிறது. குமாஸ்தா தொப்பியைக் கழற்றுகிறான். கதை முடிந்தது.

இந்தக் கதைக்கு வந்த ஒரே கடிதம் இது: "கர்வம் பிடித்த அந்தக் கம்பவுண்டருக்குக் குமாஸ்தா எதற்காகத் தொப்பியைக் கழற்றினான்? உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கொண்ட வேலைக்காரன் ஸாஷாவுக்கு ஏன் ஒரு நன்றி கூடக் கிடையாது? இதுதான் ருஷ்ய நியாயமா?" கீழே கையெழுத்து: வே. நரசிம்மாச்சாரி, கன்டோன்மென்ட், திருச்சி.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ருஷ்யாவில் அலெக்ஸாந்தர் என்று பெயர் வைத்தால் வீட்டில் ஸாஷா என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டும் ஒரே ஆள். ஒரே ஆளை இரண்டு ஆளாக எண்ணிக்கொண்டு நியாயம் கேட்கிறாரே மனிதர்! 'இப்படிப் படிக்கிறவர்களுக்குப் பஞ்சாங்கம் போதாதா?' என்று பெயரைப் போட்டே எழுதிவிட்டேன். வாசித்துக் காட்டியபோது என் மனைவி சிரிக்கவில்லை.

"இவர்தானே நம்ம கோமளாவுக்கு டைபாய்டு வந்தப்போ எழுதினவர்?" என்றாள்.

அவர்தான். ஒரு வருஷமாக மாதம் தவறாமல் எனக்குக் கடிதம் எழுதுகிறவர். பெண் பிழைப்பாளோ மாட்டாளோ என்று நான் கலங்கி எழுதியிருந்த வாரம், நாலே வரியில் ஆறுதல் சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அப்படியும் கேலியைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. நன்றாக வந்திருந்தது. எழுதுகிறவன் புத்தி அப்படி.

சரி, ரேஷன் கடைக்கு வருவோம். கடைக் குமாஸ்தா கார்டைப் புரட்டிவிட்டு உரக்கக் கூப்பிட்டார். "வே. நரசிம்மாச்சாரி... யாருங்க அது? வாங்க."

அம்பி பையை நீட்டினார்.

ஸ்ரீரங்கத்தில் இது பெரிய அதிசயம் இல்லை. இங்கே எல்லோருக்கும் கார்டுக்கு ஒரு பெயர், தெருவுக்கு ஒரு பெயர். அம்பி, கிச்சு, பட்டு, சீமாச்சு என்று ஆயுசு முழுக்கக் கூப்பிட்டுவிட்டு, அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து, "யார் இவர்?" என்று கேட்கிற ஊர் இது. ஆனாலும் நடுவில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு:

"உமக்குக் கன்டோன்மென்ட்லே ஆபீஸா?"

"ஏன், ரேஷனுக்கு அதுவும் கேக்கறாளா?"

"நீர்தான் எனக்குக் கடுதாசி எழுதறவரா?"

அம்பி அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சண்டை போட்டது அடுத்தாத்துக்காரரோட. எழுதறவரோட எனக்கு என்ன சண்டை? அதான் ஆபீஸ் விலாசம் போட்டேன்."

எனக்கு உடனே இன்னொன்று ஞாபகம் வந்தது. "கோமளா படுத்துண்டிருந்தப்போ மூணு வாரம் கப்பி சத்தமே கேக்கலையே... நீர் ஊர்லே இல்லேன்னு நினைச்சேன்."

"காவேரியிலே தண்ணி நன்னா வந்துண்டிருந்தது. அங்கேயே குளிச்சுட்டு, சமையலுக்கும் குடத்திலே கொண்டு வந்தேன். குழந்தை தூங்க வேண்டாமா?" என்றார் அம்பி.

பேச்சை மாற்றி, அலெக்ஸாந்தரும் ஸாஷாவும் ஒரே ஆள்தான் என்ற விஷயத்தை அங்கேயே சொன்னேன். அம்பி அரிசிப் பையைக் கீழே வைத்தார்.

"அப்போ, அந்தக் கம்பவுண்டர்தான் விறகு பிளந்தானா?"

"பிளந்தார்."

"'ஆர்'ஆ, 'ஆன்'ஆ? கம்பவுண்டர் 'வந்தார்'னு எழுதினீர். ஸாஷா 'வந்தான்'னு எழுதினீர். நான் ரெண்டு பேர்னு நினைக்காம என்ன பண்ணுவேன்? ஒழுங்கா ஒண்ணைச் சொல்லும் ஓய்."

க்யூவில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் வெட்கத்தோடு. அவர் சொன்னது முழுக்க நியாயம். பெயர் விவரத்தை அடிக்குறிப்பாகத்தான் எழுதி அனுப்பியிருந்தேன். காகிதத் தட்டுப்பாடு என்று ஆசிரியர் அதை வெட்டிவிட்டார். ஆனால் பழியை அவர் மேல் போட முடியாது. உத்தியோகஸ்தர் என்றதும் மரியாதையாக 'ஆர்' போட்டதும், விறகு பிளந்தவன் என்றதும் 'ஆன்' போட்டதும் என் பேனாதான். ஒரு முழு மனிதரை வினைமுற்றால் இரண்டாகப் பிளந்துவிட்டேன்.

ருஷ்யக் கதைகளில் வில்லன் கிடையாது என்று நண்பர்களிடம் நான் அடிக்கடி பிரசங்கம் செய்வதுண்டு. முதல் பக்கத்தில் ஒருவன் மேல் நமக்குக் கோபம் வரும். ஐந்தாம் பக்கத்தில் அவனுக்கும் பல்வலி உண்டு, சீக்காளிப் பிள்ளை உண்டு என்று தெரியும். பத்தாம் பக்கத்தில் நாமே தொப்பியைக் கழற்றுவோம். யார் நல்லவன் என்று அந்தக் கதைகள் தீர்ப்புச் சொல்வதில்லை. கர்வியை அவன் வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். இதையெல்லாம் நான் எவ்வளவு அழகாக விளக்குவேன் தெரியுமா? விளக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் அம்பியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

கதையைச் சரியாகப் படித்தவன் நான், தப்பாகப் படித்தவர் அம்பி. ஆனால் மூன்று வாரம் தண்ணீர் சுமந்தவர் யார்?

கவரைக் கடை வாசலிலேயே கிழித்துப் போட்டேன். "என்ன ஓய் அது?" என்றார் அம்பி. "பஞ்சாங்கம்" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. இதைப் படித்ததும் புரியும். கன்டோன்மென்ட் விலாசத்திலிருந்து ஒரு கடிதமும் வரும்.

இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம். கப்பியைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு கிணற்றடிக்குப் போனேன். கப்பியிலிருந்து ஏற்கெனவே எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியற்காலை ஒரு சத்தமும் இல்லை. திங்கட்கிழமையும் இல்லை. விளைவு... வெயில் முகத்தில் அடிக்கும் வரைக்கும் தூங்கி, பஸ்ஸைக் கோட்டை விட்டு, ஆபீசுக்கு ஒரு மணி நேரம் லேட்.

இதற்கு நான் யார் மேல் புகார் சொல்வது — அம்பி மேலா, நரசிம்மாச்சாரி மேலா?